ஏரிக்கரை நாளங்காடி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கோட்டைகளும் மாளிகைகளும் ஓர் ஊரின் பழைய ஆட்சியை நமக்குச் சொல்கின்றன. அவ்வூர் மக்கள் இன்று எதை உண்கின்றனர், அதனை எங்கிருந்து பெறுகின்றனர், எதனைக் காக்க விரும்புகின்றனர் என்பனவற்றைச் சொல்வது சந்தையே. ஆல்ப்சு மலையடிவாரத்தில் ஏரிக்கரையில் அமைந்த அன்சி என்னும் ஊரின் பழஞ்சந்தையைக் காணச் செல்வோர், மலை, பால், நீர், மனித உழைப்பு ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் காண்பர். அக்கூட்டுறவை விளக்குகிறது இப்பாடம்.

மலையும் நீரும்

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மேல் சவோய் மாவட்டம். அதன் தலைநகர் அன்சி. ஜெனீவா நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்தால் இவ்வூரை அடையலாம். சவோய் நிலப்பகுதி நெடுங்காலம் தனி அரசமரபின் ஆட்சியில் இருந்தது; 1860ஆம் ஆண்டில்தான் பிரான்சு நாட்டுடன் நிலையாக இணைந்தது. ஆகவே, இங்குள்ள உணவிலும் பேச்சு வழக்கிலும் கட்டடங்களிலும் மலைநாட்டுக்கே உரிய தனித்தன்மை இன்றும் தெரிகிறது.

ஊரின் தென்கிழக்கே விரிந்து கிடக்கிறது அன்சி ஏரி. கடல் மட்டத்திலிருந்து 447 மீட்டர் உயரத்தில், 14 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில், ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது அமைந்துள்ளது. அதன் மிக ஆழமான இடம் 82 மீட்டர். பனியுகத்தில் இப்பள்ளத்தாக்கை நிறைத்திருந்த பெரும் பனியாறுகள் பாறையைக் குடைந்து பள்ளமாக்கின. பின்னர் அவை உருகி வற்றியபோது அப்பள்ளத்தில் நீர் தேங்கியது. அதுவே இன்றைய ஏரி. கிழக்கே 2,351 மீட்டர் உயரமுள்ள தூர்னெத் சிகரமும், மேற்கே செம்னோ மலையும் அதற்குக் காவல் நிற்பன போலத் தோன்றும்.

ஏரிக்குள் பல ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியேறும் ஆறோ தியூ ஒன்றே. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சிற்றாறு அது. ஏரியிலிருந்து புறப்பட்டுப் பழைய ஊரின் நடுவே பாய்ந்து, ஃபியேர் என்னும் ஆற்றில் கலக்கிறது; அந்நீர் ரோன் ஆற்றின் வழியே மத்தியதரைக் கடலைச் சேர்கிறது. ஊரின் ஆலைகளை ஒருகாலத்தில் இயக்கியது தியூவின் விசையே. இச்சிற்றாற்றின் இருகரையிலும் பாலங்களின்மேலும்தான் அன்சியின் சந்தை கூடுகிறது.

தெருவே சந்தை

அன்சியின் பழைய ஊருக்கெனத் தனிச் சந்தைக் கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. தெருவே அங்குச் சந்தை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் காலைப் பொழுதில் மட்டும் அது கூடும். காலையில் கூடும் அங்காடியை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வேறுபடுத்தினர். அவ்வகையில் இஃது ஒரு நாளங்காடி.

புனித கிளாரா தெரு இச்சந்தையின் முதன்மை வழி. அத்தெருவின் ஓரங்களில் வீடுகளின் கீழ்த்தளம் உள்வாங்கியும் மேல்தளம் முன்னோக்கியும் கட்டப்பட்டுள்ளன. மேல்தளத்தைத் தாங்கும் வளைவுத் தூண்களுக்கு இடையே நீண்ட நடைவழி அமைந்துள்ளது. மழையும் பனியும் மிகுந்த மலைநாட்டில் வாங்குவோரும் விற்போரும் நனையாமல் நின்று பேசுவதற்கு இக்கட்டட அமைப்பு துணைசெய்தது. வணிகத்தின் தேவை ஊரின் வடிவத்தையே எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இத்தெரு நல்ல சான்று.

தெருவின் முடிவில் ஆற்றை நோக்கித் திரும்பினால், நீரின் நடுவே கப்பலின் முன்புறம் போன்ற கூரிய வடிவில் ஒரு கற்கட்டடம் நிற்பதைக் காணலாம். தீவு மாளிகை என்பது அதன் பெயர். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கட்டடம் அடுத்தடுத்த காலங்களில் நீதிமன்றமாகவும், நாணயம் அச்சிடும் சாலையாகவும், சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. இன்று அஃது ஓர் அருங்காட்சியகம். நாணயம் அச்சான இடமும், வழக்குத் தீர்க்கப்பட்ட இடமும், பொருள் விற்ற தெருவும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருப்பது தற்செயலன்று. நம்பத்தக்க நாணயமும் வழக்கைத் தீர்க்கும் மன்றமும் அருகே இருந்தால்தான் வெளியூர் வணிகர் துணிந்து வருவர்.

விடியுமுன் உழவர்களின் வண்டிகள் வரத் தொடங்கும். மடக்குமேசைகள் விரியும், துணிப்பந்தல்கள் உயரும். கோடையில் தக்காளியும் செர்ரிப் பழமும், இலையுதிர் காலத்தில் காளானும் பூசணியும், குளிர்காலத்தில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மேசைகளை நிறைக்கும். தேன், உலர்த்திய இறைச்சி, மலைமலர்கள், கைவினைப் பொருள்கள் ஆகியனவும் உண்டு. எனினும், இச்சந்தையின் தலைமைப் பொருள் எது என்று கேட்டால், ஊரார் தயங்காமல் காட்டுவது பாலாடைக்கட்டியையே ஆகும்.

கோடையைச் சேமிக்கும் கலை

மலைநாட்டு மக்கள் ஏன் பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கினர்? அதற்கான விடை அந்நிலத்தின் காலநிலையில் இருக்கிறது. உயர்ந்த மலைச்சரிவுகளில் உழுது பயிரிட இயலாது; புல் மட்டுமே செழித்து வளரும். அப்புல்லும் பனி உருகிய சில மாதங்கள்தான் கிடைக்கும். எனவே, கோடை தொடங்கும்போது உழவர்கள் தம் பசுக்களை மேய்ச்சல் மலைகளுக்கு ஓட்டிச் செல்வர். இலையுதிர் காலத்தில் மீண்டும் பள்ளத்தாக்குக்கு இறக்கிக் கொண்டு வருவர். கழுத்தில் பெருமணிகள் ஒலிக்க மந்தைகள் திரும்பும் அந்நிகழ்வை அன்சியில் ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் விழாவாகவே கொண்டாடுகின்றனர்.

கோடையில் பால் பெருகும். ஆனால், மலையுச்சியில் அதனை வாங்க ஆளில்லை. பாலோ ஒருநாள்கூடத் தாங்காது. பனி மூடிய நீண்ட குளிர்காலத்திலோ உணவு அரிது. பெருகும் காலத்துப் பொருளை அருகும் காலத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது? இவ்வினாவுக்கு மலைமக்கள் கண்ட விடைதான் பாலாடைக்கட்டி. பாலை உறைநொதியால் திரளச் செய்து, அதில் உள்ள நீரைப் பிரித்து, உப்பிட்டு, குளிர்ந்த நிலவறையில் முதிரவிட்டால் அது கெடாமல் நிற்கும், எடையும் குறையும், கழுதையின் முதுகிலேற்றிச் சந்தைக்குக் கொண்டுவரலாம். போஃபோர் என்னும் வகையில் ஒரு வட்டின் எடை பெரும்பாலும் 40 கிலோகிராம் அளவில் இருக்கும். அதனைச் செய்ய ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். ஒரு குடும்பத்தின் பசுக்களால் மட்டும் அவ்வளவு பாலைத் தர இயலாது. ஆதலால், சிற்றூர் மக்கள் தம் பாலை ஒன்றுசேர்த்துக் கூட்டாகச் செய்யும் வழக்கம் தோன்றியது. ஓர் உணவுப்பொருளின் அளவே ஒரு கூட்டுறவை உண்டாக்கிற்று.

தெரிந்து தெளிவோம்

இருமுறை கறந்த பால்

அன்சிச் சந்தையில் மிகுதியாக விற்பனையாவது ரெப்லோஷோன் என்னும் சிறிய வட்டமான பாலாடைக்கட்டி. அராவி மலைத்தொடரின் தோன் பள்ளத்தாக்கு அதன் பிறப்பிடம். இதன் பெயர்க்காரணத்தைப் பற்றி அங்கு வழங்கும் வரலாறு சுவையானது. இடைக்காலத்தில் மேய்ச்சல் நிலங்கள் மடாலயங்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் உரியனவாக இருந்தன. கறக்கும் பாலின் அளவைக் கொண்டே உழவரிடம் வரி பெற்றனர். அளவெடுக்க ஆள் வரும் நாளில் உழவர்கள் மடியை முழுதும் கறக்காமல் விட்டுவைத்தனர். அவர் சென்றபின் மீண்டும் கறந்தனர். இவ்வாறு மீண்டும் மடியைப் பிடித்துக் கறத்தலைக் குறிக்கும் வட்டாரச் சொல்லிலிருந்தே ரெப்லோஷோன் என்னும் பெயர் தோன்றியது. கடைசியில் கறக்கும் பாலில் கொழுப்பு மிகுதி. ஆகவே, அதில் செய்த கட்டியும் மென்மை மிக்கதாயிற்று.

1958ஆம் ஆண்டில் இப்பொருளுக்குச் சட்டப் பாதுகாப்புடைய பிறப்பிடப் பெயர் வழங்கப்பட்டது. குறித்த நிலப்பகுதியில், குறித்த முறையில் செய்தால் மட்டுமே இப்பெயரைப் பயன்படுத்தலாம். பண்ணையில் அங்குள்ள பசுக்களின் பாலைக் கொண்டே செய்ததைப் பச்சை நிற முத்திரையும், பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துப் பாற்சாலையில் செய்ததைச் சிவப்பு நிற முத்திரையும் காட்டும்.

சந்தையின் ஒழுங்கு

பார்ப்பதற்கு இரைச்சல் மிகுந்ததாகத் தோன்றினும் சந்தைக்குத் திட்டமான ஒழுங்குகள் உண்டு. கடை போடும் இடத்துக்கு ஊராட்சி அமைப்பு கட்டணம் பெறுகிறது. நெடுநாளாகக் கடை போடுவோருக்கு நிலையான இடம் உண்டு. அவ்வப்போது வருவோர் காலையில் காத்திருந்து எஞ்சிய இடத்தைப் பெறுவர். ஒவ்வொரு பொருளின்மீதும் விலையை எழுதிவைத்தல் கட்டாயம். காயும் பழமும் எவ்விடத்தில் விளைந்தன என்பதையும் பலகையில் குறித்தாக வேண்டும். இதனால், தாமே விளைவித்து விற்பவர் யார், மொத்தமாக வாங்கி வந்து விற்பவர் யார் என்பதை வாங்குவோர் பிரித்தறிய இயலும்.

முதன்முறையாக இங்கு வருவோர் சிலவற்றை நினைவில் கொள்ளுதல் நன்று. சந்தை நண்பகலோடு கலையத் தொடங்கிவிடும். ஆகவே, காலையிலேயே செல்ல வேண்டும். பேசத் தொடங்குமுன் வணக்கம் சொல்வது அந்நாட்டு மரபு. சொல்லாமல் விலை கேட்பதை அவர்கள் பண்பற்ற செயலாகக் கருதுவர். பழத்தை அழுத்திப் பார்த்தலும் தாமே எடுத்தலும் பெரும்பாலான கடைகளில் வழக்கமில்லை. விற்பவரே எடுத்துத் தருவார். என்றைக்கு உண்ணப் போகிறீர்கள் என்று அவர் கேட்பதும் உண்டு. இன்றே உண்பதற்கு எனில் நன்கு கனிந்ததையும், இரண்டு நாள் கழித்து எனில் சற்றுக் காயானதையும் தெரிந்தெடுப்பார். பாலாடைக்கட்டியை மெல்லிய துண்டாக அரிந்து சுவைத்துப் பார்க்கத் தருவார். அவ்விற்பனையில் அறிவுரையும் ஒரு பகுதி.

நீரை மீட்ட ஊர்

இச்சந்தையில் பாலாடைக்கட்டியைப் போலவே மதிக்கப்படும் இன்னொரு பொருள் ஏரி மீன். ஃபேரா என்னும் வெண்மீனும், குளிர்நீரில் வாழும் ஓம்பிள் என்னும் மீனும் இவ்வேரிக்குரிய சிறப்புகள். ஒருகாலத்தில் இம்மீன்கள் அழியும் நிலை ஏற்பட்டது. அதிலிருந்து ஊர் மீண்ட வரலாறு அனைவரும் அறிய வேண்டியது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏரியைச் சுற்றிலும் வீடுகளும் விடுதிகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் நேரே ஏரியில் கலந்தது. கழிவுநீரில் உள்ள பாசுபரசும் நைட்ரசனும் பாசிகளுக்கு உரமாயின. பாசி பெருகியது, மடிந்தது, அடியில் படிந்து அழுகியது. அழுகும்போது ஆழ்நீரில் கரைந்திருந்த உயிர்வளி செலவழிந்தது. ஓம்பிள் மீன் ஆழத்தில் உள்ள கற்பரப்பில் முட்டையிடும் இயல்புடையது. உயிர்வளி குறைந்த நீரில் அம்முட்டைகள் பொரிவதில்லை. மேலே நீலமாகத் தெரிந்த ஏரி கீழே மூச்சுத் திணறிக் கொண்டிருந்தது.

இதனை முதலில் உணர்ந்து உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர் போல் செர்வெத்தா என்னும் மருத்துவர். நோயாளியின் உடலைப் போலவே ஏரியையும் நோக்கிய அவர், இந்நிலை நீடித்தால் ஏரி இறந்துவிடும் என எச்சரித்தார். அன்சியின் மேயராக இருந்த சார்ல் போசோன் அக்கருத்தை ஏற்றுச் செயலில் இறங்கினார். 1957ஆம் ஆண்டில் ஏரிக்கரையில் அமைந்த 8 ஊராட்சிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கின.

அவர்கள் மேற்கொண்ட தீர்வு எளிமையானது; ஆனால், செலவு மிக்கது. கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் ஏரியில் விடுவது என்பது பாதித் தீர்வே என அவர்கள் கருதினர். மாறாக, ஏரியைச் சுற்றிப் பெருங்குழாய்களைப் பதித்தனர். கரையோர ஊர்களின் கழிவுநீர் முழுவதையும் அக்குழாய்கள் திரட்டி, ஏரியின் வெளியேற்றுவாய்க்கும் கீழே அமைந்த தூய்மையாக்கும் நிலையத்துக்குக் கொண்டுசென்றன. தூய்மை செய்யப்பட்ட நீர்கூட ஏரியைத் தொடுவதில்லை. 1960களில் தொடங்கிய இப்பணி பல ஆண்டுகள் நீடித்தது.

இம்முடிவின் அருமையை உணர, ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணுக்கடியில் புதைக்கப்படும் குழாயை யாரும் பார்த்துப் பாராட்டுவதில்லை. ஏரியின் நீர் முழுதும் மாறுவதற்கே ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகும். ஆதலால், பலன் உடனே தெரியாது. கரையில் ஓர் ஊர் மட்டும் ஒதுங்கி நின்றாலும் மற்ற ஊர்களின் முயற்சி வீணாகும். இவ்வளவும் அறிந்தே அச்சிற்றூர்கள் தம் மக்களின் வரிப்பணத்தைக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பணியில் செலவிட்டன. பால் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பழகிய மலைமக்களின் கூட்டுறவு மனப்பான்மை ஏரியைக் காப்பதிலும் வெளிப்பட்டது எனலாம்.

இன்று ஐரோப்பாவின் மிகத் தூய ஏரிகளுள் ஒன்றாக அன்சி ஏரி போற்றப்படுகிறது. ஊருக்குக் குடிநீர் தருவதும் அதுவே. மீனவர் சிலர் இன்றும் வலையிட்டு மீன் பிடிக்கின்றனர். ஏரி இறந்திருந்தால் அம்மீன்கள் உணவுப்பெயர்களாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

அழகின் விலை

காக்கப்பட்ட அழகு, பிறரையும் ஈர்க்கும். ஏரியின் தூய்மையும் பழைய ஊரின் எழிலும் உலகின் பல பகுதிகளிலிருந்து பயணிகளை அழைத்து வருகின்றன. கோடையில் புனித கிளாரா தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது. பயணிகளால் ஊருக்கு வருவாய் பெருகுகிறது, கடைகள் வாழ்கின்றன. அதே வேளையில் வீட்டு வாடகை உயர்கிறது. நாள்தோறும் பயன்படும் பொருள்களை விற்ற கடைகள் நினைவுப்பொருள் கடைகளாக மாறுகின்றன. உள்ளூர்வாசிகள் நகரின் வெளிப்பகுதிகளுக்குக் குடிபெயர்கின்றனர். பழைய ஊர் மக்கள் வாழும் இடமாக இருக்குமா, பார்த்துச் செல்லும் காட்சியாக மட்டும் எஞ்சுமா என்னும் கவலை அங்கு எழுந்துள்ளது.

இக்கவலைக்குச் சந்தையே ஓர் அளவுகோல். ஒரு சந்தை உயிரோடு இருக்கிறதா என்பதை அங்குக் கூடும் கூட்டத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. வாங்கப்படும் பொருளைக் கொண்டே அறிய வேண்டும். ஒளிப்படம் எடுத்துக்கொண்டு ஒரு குவளைத் தேனோடு திரும்புபவர் பயணி. ஒரு வாரத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் கூடையில் நிறைப்பவர் ஊரார். இரண்டாமவர் வருகின்ற வரையில் உழவர் வருவார். உழவர் வருகின்ற வரையில் மலைச்சரிவில் பசுக்கள் மேயும். பசுக்கள் மேய்கின்ற வரையில் புல்வெளிகள் புதர்மண்டாமல் இருக்கும். பயணி வியந்து நோக்கும் அப்பசும்புல்வெளியும் ஊரார் வாங்கும் உணவுக்குக் கடன்பட்டதே.

ஆகவே, பயணிக்கும் இதில் ஒரு பங்குண்டு. கடை போட்டிருப்பவரை மறைக்காமல் நிற்பதும், ஒளிப்படம் எடுக்குமுன் இசைவு கேட்பதும், அப்பருவத்தில் அம்மண்ணில் விளைந்ததை வாங்குவதும் சிறிய செயல்களே. ஆயினும், அவையே ஒருவரை வேடிக்கை பார்ப்பவர் என்னும் நிலையிலிருந்து விருந்தினர் என்னும் நிலைக்கு உயர்த்துகின்றன.

நிறைவாக

அன்சிச் சந்தையின் பழமை அதன் தூண்களிலும் கற்களிலும் மட்டும் இல்லை. மலைச்சரிவின் புல் பாலாகிறது, பால் கட்டியாகிறது, கட்டி சந்தைக்கு வருகிறது. மலையில் பெய்த பனி உருகி ஏரியாகிறது. ஏரி ஆறாகி அச்சந்தையின் நடுவே ஓடுகிறது. இத்தொடரில் எக்கண்ணி அறுந்தாலும் மற்றவை தளரும். அதனை உணர்ந்த ஒரு தலைமுறை, தான் காண இயலாத ஆழத்தில் உள்ள நீருக்காகத் தன் பொருளைச் செலவிட்டது. இன்று காலை அச்சந்தையில் மீன் வாங்குபவர் அத்தலைமுறைக்குக் கடன்பட்டவர் ஆவார். அக்கடனை அவர் தமக்குப் பின் வருவோருக்குத்தான் திருப்பிச் செலுத்த இயலும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் பொருள்களுள் ஐந்தினைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்பதை விற்பவரிடம் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. பெருகும் காலத்து உணவை அருகும் காலத்துக்குச் சேமிக்க உங்கள் வீட்டில் பின்பற்றும் முறைகளைப் பெரியோரிடம் கேட்டுக் கட்டுரையாக எழுதுக.

3. 'கண்ணுக்குத் தெரியாத பொதுப்பணியே ஓர் ஊரைக் காக்கிறது' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.